பாவுக் குறையா, ஊடைக் குறையா?

காஞ்சிபுரத்தின் தென்மேற்கு ஓரத்தில், வேகவதி ஆற்றை அடுத்து அமைந்த திருப்பருத்திக்குன்றத்தை ஜைன காஞ்சி என்று வழங்குவது பழைய மரபு. அங்குள்ள திரைலோக்கியநாதர் ஆலயத்தின் சங்கீத மண்டபம், விஜயநகர வேந்தன் இரண்டாம் ஹரிஹரனிடம் அமைச்சராகவும் தளபதியாகவும் விளங்கிய இருகப்பரால், அவருடைய குருவான புஷ்பசேன முனிவரின் விருப்பத்திற்கிணங்க, 1387-ஆம் ஆண்டையொட்டிக் கட்டுவிக்கப்பட்டது. அதன் விதானத்தில் ரிஷபநாதர், நேமிநாதர், வர்த்தமானர் ஆகிய தீர்த்தங்கரர்களின் சரிதங்கள் பட்டை பட்டையாக வர்ணத்தில் தீட்டப்பட்டிருக்கின்றன. டி. என். ராமச்சந்திரன் இவ்வாலயத்தைக் குறித்து எழுதி, 1934-இல் சென்னை அரசாங்க அருங்காட்சியகம் வெளியிட்ட ஆராய்ச்சி நூலின் துணைகொண்டு அந்தச் சித்திரங்களை அண்ணாந்து பார்ப்பவர்கள் இன்று மிகச் சிலரே. கையகலக் காமிரா ஒன்றை மேல்நோக்கிப் பிடித்து, பித்தானை அழுத்தி, அதன் விளிம்பிலிருந்து வெளிவரும் சிறு காகிதத்தை ஆவலோடு உருவுகிறவர்களோ பலர். காகிதம் சில சமயம் கறுத்து வருகிறது. சில சமயம் வெளுத்து வருகிறது. சில சமயம் நடுவே ஒரு வெள்ளைக் கோட்டோடு வருகிறது. சில சமயம் வராமலே போகிறது. அப்போது, அந்த யந்திரத்தைக் கையால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பதும், "சைனா சாமான் அப்படித்தான்" என்று தீர்ப்பு வழங்கிவிட்டு அலமாரியில் போட்டுப் பூட்டுவதுமே நம்மவர் வழக்கமாக இருக்கின்றன.

தீர்ப்பு பெரும்பாலும் தவறானது. இவ்வகைக் காமிராக்களில் நேரும் கோளாறுகளில் பெரும்பகுதி மின்னணு உறுப்புகளில் நேர்வன அல்ல. தூசு, உஷ்ணம், ஈரம், காகிதம், மின்கலம் என்ற ஐந்தில் ஏதேனும் ஒன்றினால் நேர்வன. அந்த ஐந்தில் எது குற்றவாளி என்பதை, திருப்புளி எடுத்துக் காமிராவைத் திறந்து பார்த்தல்ல, வெளிவந்த படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அதற்குமுன், கடைகளில் "இன்ஸ்டன்ட் காமிரா" என்று ஒரே பெயரில் விற்கப்படும் மின்னணுக் காமிராக்கள் உண்மையில் பெரும்பாலும் மூன்று வெவ்வேறு ஜாதிகள் என்பதைத் தெளிந்துகொள்வது அவசியம். முதலாவது, குழந்தைகளுக்கென்று மலிவு விலையில் கிடைப்பது. பேருந்து நடத்துனரின் டிக்கெட் யந்திரத்திலும் ஏ.டி.எம். சீட்டிலும் உள்ள அதே உஷ்ணக் காகிதச் சுருளில் கறுப்பு வெள்ளையாக அச்சிடுவது. இரண்டாவது, 'ஜிங்க்' என்னும் மையில்லாக் காகிதத்தில் வர்ணப்படம் அச்சிடுவது. மூன்றாவது, படத்தை முதலில் மின்னணு முறையில் பதிந்து, திரையில் காட்டி, நாம் விரும்பியதை மட்டும் உள்ளேயுள்ள ஒளியினால் ரசாயனப் பிலிமில் மாற்றித் தரும் இன்ஸ்டாக்ஸ் வகை. முதலிரண்டும் உஷ்ணத்தால் எழுதுகின்றன. மூன்றாவது ஒளியால் எழுதுகிறது. ஒன்றுக்குச் சொன்ன வைத்தியம் மற்றொன்றுக்கு விஷமாகவும் முடியலாம்.

இவற்றின் வம்சாவளி சுவையானது. 1943-இல் அமெரிக்காவின் சாண்டா ஃபே நகரில் விடுமுறையைக் கழித்துக்கொண்டிருந்த எட்வின் லாண்டு என்ற விஞ்ஞானியிடம் அவருடைய மூன்று வயது மகள், எடுத்த படத்தை ஏன் இப்போதே பார்க்க முடியாது என்று கேட்டதிலிருந்து இக்கதை தொடங்குகிறது. 1947 பிப்ரவரி 21-ஆம் தேதி நியூயார்க்கில் ஒளியியல் அறிஞர்கள் கூடிய சபையில் அவர் தமது முறையைச் செய்து காட்டினார். மறு ஆண்டு நவம்பரில் பாஸ்டன் நகரக் கடையொன்றில் போலராய்டு காமிரா விற்பனைக்கு வந்தது. மின்னணுக் காமிராவின் வெள்ளத்தில் அக்கம்பெனி 2001-இல் திவாலாகி, 2008-இல் பிலிம் தயாரிப்பையே நிறுத்துவதாக அறிவிக்க நேர்ந்தது விதியின் விளையாட்டு. ஆயினும் அதனுள்ளே பிறந்த ஜிங்க் ஆராய்ச்சி 2005-இல் தனிக் கம்பெனியாகப் பிரிந்து, மையும் ரிப்பனும் வேண்டாத காகிதமாக உலகை வலம் வந்தது. ஜப்பானின் ஃபுஜிஃபில்ம் 1998-இல் தொடங்கிய இன்ஸ்டாக்ஸோ, 2017-இல் மின்னணுக் காமிராவோடு கைகோத்துக்கொண்டது.

இனி, உஷ்ணத்தால் எழுதும் காமிராவின் உள்ளே நடப்பதைப் பார்ப்போம். அதனுள் அச்சுமுனை என்று ஒரு சிறு பட்டை அசையாமல் நிற்கிறது. அதன் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உஷ்ணப் புள்ளிகள் ஒரே வரிசையில் பதிக்கப்பட்டிருக்கின்றன. 57 மில்லிமீட்டர் அகலச் சுருளில் அச்சிடும் சாதாரண முனையில், 48 மில்லிமீட்டர் அகலத்துக்குள் 384 புள்ளிகள். காகிதத்தை ஓர் இரப்பர் உருளை இம்முனையோடு அழுத்தி, ஒரு மயிரிழை அளவு நகர்த்துகிறது. வேண்டிய புள்ளிகள் மட்டும் ஒரு க்ஷணம் சுட்டு அணைகின்றன. ஒரு வரி முடிகிறது. மறுபடியும் நகர்வு, மறுபடியும் ஒரு வரி. இப்படி வரிமேல் வரியாக அடுக்கித்தான் முகமும் கோபுரமும் உருவாகின்றன. காஞ்சியில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கப் பிரயாசைப்பட வேண்டியதே இல்லை. தறியின் மேலே ஜக்கார்டு பெட்டி எந்த இழையைத் தூக்கு, எந்த இழையை விடு என்று அட்டைத் துளையால் ஆணையிட, நாடா ஒருமுறை ஓடுவதற்கு ஓர் ஊடை விழுவதும், ஊடைமேல் ஊடை சேர்ந்து மாங்காயும் மயிலும் எழுவதும் அவர்கள் தினமும் காணும் காட்சி.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டில் இந்த உண்மையை நான் கண்கூடாகக் கண்டேன். பேரன் தன் காமிராவில் எடுத்த படத்தை நீட்டி, "தாத்தா, கோடு கோடா விழுது, காமிரா கெட்டுப்போச்சு" என்று முகத்தைச் சுளித்தான். பெரியவர் படத்தை வாங்கி, சேலையின் குறையைப் பார்ப்பதுபோல் சாய்வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தார். அதில் நெற்றியிலிருந்து மோவாய் வரை முகத்தை நெடுகக் கிழித்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கோடு, மயிர் அளவுதான், விளிம்பிலிருந்து விளிம்புவரை நூல்பிடித்தாற்போல் ஓடியது. "கெடல்லாம் இல்லடா. கோடு நீளவாட்டுல போகுது பாரு, இது பாவுக் குறை. எங்கியோ ஒரு இழை நின்னுபோச்சு. ஊடைக் குறையா இருந்தா குறுக்கால இல்ல ஓடும்?" என்றார். அவர் ஆயுளில் ஒரு காமிராவைத் தொட்டதில்லை. எனினும் எந்தப் பொறியியல் வல்லுநரும் இதைவிடச் சரியாக நோயை நிதானித்திருக்க முடியாது.

காகிதம் நகர்கிறது, முனை நிற்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை தாமாகவே விளங்கும். நிற்கும் பொருளில் ஒரு புள்ளி வேலை செய்யாவிட்டால், அப்புள்ளியின் கீழே கடந்து செல்லும் காகிதம் முழுவதிலும் நீளவாட்டில் ஒரு வெள்ளைக் கோடு எஞ்சும். அது தூசா, புள்ளியே எரிந்துபோனதா என்று தெரிந்துகொள்ள, கோடு விளிம்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று அளந்துகொண்டு, முனையைச் சுத்தம் செய்துவிட்டு, மறுபடியும் ஒரு படம் அச்சிட்டுப் பார்க்க வேண்டும். கோடு மறைந்தாலோ இடம் மாறினாலோ குற்றவாளி தூசு. அதே இடத்தில் பிசகாமல் நின்றால் புள்ளி இறந்துவிட்டது. மலிவுக் காமிராவுக்கு முனை மாற்றுவது காசுக்கு நஷ்டம். பட்டு நெய்யும் வீடுகளில் தூசுக்குப் பஞ்சமே இல்லை. இழையிலிருந்து உதிரும் நுண்ணிய பஞ்சும், பாவுக்குப் போட்ட அரிசிக்கஞ்சி உலர்ந்து பறக்கும் பொடியும் காமிராவின் காகித வாயில் புகுந்து முனையில் அப்பிக்கொள்கின்றன. தறியருகே காமிராவைத் திறந்து காகிதம் மாட்டாமலிருப்பது பாதி வைத்தியம். மீதிப் பாதி, சுருள் காகிதக் காமிராவாயின், மின்சாரத்தை அணைத்து, முனை ஆறியபின், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சுக்குச்சியால் மெல்லத் துடைத்து உலரவிடுவது. நகத்தாலோ பிளேடாலோ சுரண்டலாகாது. முனையின்மேல் பூசிய கண்ணாடி போன்ற காப்புறை கீறிவிட்டால் அதற்குப் பரிகாரம் கிடையாது.

குறுக்கே பட்டை விழுந்தால் கதை வேறு. முழு வரிசையும் ஒரே க்ஷணத்தில் பலவீனமாயிற்று என்பது அதன் பொருள். அதாவது மின்கலம் இளைத்துவிட்டது, அல்லது உருளை வழுக்கிக் காகிதம் நகரவில்லை. லித்தியம் மின்கலம் நிறைந்திருக்கையில் சுமார் 4.2 வோல்ட் தரும். படம் எடுப்பதற்கும் திரையில் காட்டுவதற்கும் சிறிது மின்சாரமே போதும்; நூற்றுக்கணக்கான புள்ளிகள் ஒருங்கே சுடும்போதோ ஒரு பெரும் மின்னோட்டம் பாய வேண்டியிருக்கிறது. இளைத்த மின்கலத்தின் வோல்ட் அக்கணத்தில் சரிந்துவிடுகிறது. திரையெல்லாம் ஒழுங்காக எரிந்துகொண்டிருந்த காமிரா, அச்சிடு என்றவுடன் திடுமென்று அணைந்துபோகும் மர்மம் இதுவே. கறுப்புப் பரப்பு அதிகமான படங்களிலேயே இப்படி நிகழ்வதைக் கவனித்தால் காரணம் இன்னும் தெளிவாகும். முழுதாகச் சார்ஜ் ஏற்றியபின் அச்சிடுக.

நீளமும் அல்ல, குறுக்கும் அல்ல, ஒரே மாதிரியான பொட்டு சம இடைவெளியில் மறுபடி மறுபடி வருமாயின், சுழலும் பொருளில் அழுக்கு ஒட்டியிருக்கிறது. 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையின் சுற்றளவு ஏறக்குறைய 25 மில்லிமீட்டர். பொட்டுகளுக்கிடையே உள்ள தூரமும் அதுவேயானால், உருளையைத் துடைத்தால் போதும். இன்ஸ்டாக்ஸ் வகையிலும் இந்த விதி செல்லும். பிலிமின் ஓரத்திலுள்ள சிறு பையில் ரசாயனக் கூழ் அடைபட்டிருக்கிறது; இரண்டு உருளைகள் அதைப் பிழிந்து படமெங்கும் சீராகப் பரப்புகின்றன. முன்பு கசிந்த கூழ் உருளையில் காய்ந்திருந்தால், அந்த இடமெல்லாம் பொட்டு. வெளிவரும் பிலிமின் வாயை விரலால் மறித்தாலும், பொறுமையின்றிப் பிடித்து இழுத்தாலும், கூழ் சரியாகப் பரவாமல் ஒரு மூலை பழுப்பாகவோ வெறுமையாகவோ நின்றுவிடும். படத்தை விசிறிபோல் ஆட்டினால் சீக்கிரம் தெளியும் என்ற நம்பிக்கை, மேல்தாளை உரித்தெடுத்துக் காற்றில் உலர்த்திய பழைய போலராய்டின் எச்சம். இக்காலப் பிலிமில் அது பயனற்றது, மடங்கினால் கேடும் கூட.

ஜிங்க் காகிதத்தின் உள்ளமைப்பு மூன்றிலும் விசித்திரமானது என்பேன். வெறும் வெள்ளைத்தாளாகத் தோன்றும் அதில் மஞ்சள், மெஜந்தா, சயான் என்ற மூன்று சாயங்களின் படிகங்கள் தனித்தனி அடுக்காகப் பூசப்பட்டிருக்கின்றன. படிக நிலையில் அவை நிறமற்றவை. உருகியதும் நிறம் பெறுகின்றன. மேலடுக்கான மஞ்சள் உருக மிக அதிகமான உஷ்ணம் வேண்டும், ஆனால் மிகச் சொற்ப நேரமே. அடியிலுள்ள சயானுக்குக் குறைந்த உஷ்ணம் போதும், ஆனால் அது கீழே இறங்குவதற்கு நீண்ட நேரம் வேண்டும். மெஜந்தா நடுவே நிற்பது. ஒரே முனை, எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்ற இரண்டை மட்டும் மாற்றி மூன்று வர்ணங்களையும் எழுதுகிறது. இதிலிருந்தே அதன் பலவீனமும் புலப்படும். முனை ஏற்கனவே கொதித்திருந்தால் கணக்கெல்லாம் தப்பி, மாநிற முகம் செம்பாகவோ பச்சையாகவோ திரிந்துவிடும். அக்னி நட்சத்திர நாட்களில், 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் காஞ்சி வெயிலில், கல்யாண வீட்டில் இருபது பேர் வரிசையில் நின்று ஆளுக்கொரு படம் கேட்டால், காமிரா நடுவே மௌனம் சாதிப்பது கோளாறு அல்ல. உள்ளே இருக்கும் வெப்பமானி ஓய்வு கேட்கிறது. மின்விசிறியின் கீழ்ச் சற்று நேரம் வையுங்கள். ஒவ்வொரு காகிதப் பொட்டலத்தோடும் வரும் நீலத்தாளைப் பலர் விளம்பரம் என்று கசக்கி எறிகிறார்கள். அதன் மறுபுறத்திலுள்ள கோடுகள் அந்தப் பொட்டலத்துக் காகிதத்தின் குணத்தைக் காமிராவுக்கு அறிவிப்பன. போகிற போக்கில் அது முனையையும் துடைத்துச் செல்கிறது. பெரும்பாலான காமிராக்களில் கோடுகள் கீழ்நோக்கியும், படக் காகிதத்தின் பளபளப்பான முகம் மேல்நோக்கியும் இருக்க வேண்டும். ஒரு பொட்டலத்தின் நீலத்தாளை இன்னொன்றுக்குப் பயன்படுத்தினால் நிறம் ஒத்துவராது.

இந்நாட்டு உஷ்ணத்தோடு போராடுவது புகைப்படக் கலைக்குப் புதிதன்று. 1856-இல் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமனம் பெற்ற லின்னேயஸ் டிரைப், அடுத்த இரண்டாண்டுகளில் ஸ்ரீரங்கம், தஞ்சை, மதுரை என்று சுற்றியபோது, மெழுகேற்றிய காகிதத்தையே எதிர்ப்படத்துக்குப் பெரிதும் கையாண்டார். அக்காலத்துப் புதுமையான ஈரத்தட்டு, உலர்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டியது. நம் வெயிலில் அது எத்தனை நேரம் ஈரமாக நிற்கும்? ரசாயனப் பிலிமுக்கு இன்றும் அதே சங்கடம். இன்ஸ்டாக்ஸ் பிலிமைப் பயன்படுத்தத் தகுந்த உஷ்ணம் 5 முதல் 40 டிகிரி வரை. வெயிலில் நிறுத்திய காரினுள் அதை விட்டுவிட்டு, நிறம் மங்கியது என்று முறையிடுவது நியாயமில்லை. குளிர்பெட்டியில் வைத்திருந்தாலோ, உறையைப் பிரிக்குமுன் அறையின் சூட்டுக்கு வரவிட வேண்டும். அவசரப்பட்டால் பிலிமின்மேல் பனித்துளி படியும்.

மழைக்காலத்தின் கோளாறு சிக்கல். ஐப்பசி, கார்த்திகையில் காகிதம் ஈரத்தை உறிஞ்சி வளைகிறது. இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் போகின்றன. சிக்கியதைப் பலவந்தமாக இழுக்காமல், ஒருமுறை அணைத்து ஏற்றினாலே உருளை தானாகத் தள்ளிவிடுவதுண்டு. இல்லையேல் மூடியைத் திறந்து, காகிதம் போய்க்கொண்டிருந்த திசையிலேயே எடுக்க வேண்டும். ஆனால் இன்ஸ்டாக்ஸில் பிலிம் இருக்கும்போது பின்மூடியைத் திறந்தால் எஞ்சிய பிலிம்களில் வெளிச்சம் பட்டு வீணாகும் என்பது நினைவிருக்கட்டும்.

அச்சே விழாமல் வெறுங்காகிதம் வந்தால், முதலில் காகிதத்தையே சந்தேகிக்க வேண்டும். உஷ்ணக் காகிதத்தின் ஒரு முகத்தில் மட்டுமே, நிறமற்ற சாயமும் அதற்கு நிறமூட்டும் அமிலப்பொருளும் கலந்த பூச்சு உண்டு. சுட்டால் இரண்டும் உருகிக் கலந்து கறுக்கும். நகத்தால் வேகமாக ஒரு கீறல் கீறிப்பாருங்கள். உராய்வுச் சூட்டில் எந்த முகம் கறுக்கிறதோ, அதுவே முனையைப் பார்க்க வேண்டிய முகம். அப்பூச்சில் சேர்க்கப்படும் பிஸ்பீனால்-ஏ என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2020 முதல் இத்தகைய காகிதத்தில் கட்டுப்படுத்தியிருக்கிறது. குழந்தைகள் வாயில் வைக்கக்கூடிய சாமான் ஆதலால், அது கலவாத சுருளைக் கேட்டு வாங்குவது நலம்.

நினைவட்டையைப் பற்றி ஒரு வார்த்தை போதும். 32 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட அட்டைகள் வேறு வகை ஒழுங்கில் வருவதால் மலிவுக் காமிராக்கள் அவற்றைப் படிக்கத் தெரியாமல் விழிக்கின்றன. சிறிய அட்டையை வாங்கிக் காமிராவிலேயே ஃபார்மேட் செய்துகொள்ளலாம். உள்ளிருக்கும் படங்கள் அழிந்துபோகும் ஆகையால் முன்கூட்டியே அவற்றைப் பிரதியெடுத்துக்கொள்வது கடமை.

இனி, யந்திரத்தின்மீது பழி போட முடியாத குறைகள். சங்கீத மண்டபத்து விதானம் படத்தில் இருட்டாகவும் கலங்கலாகவும் விழுவதற்குக் காமிரா என்ன செய்யும்? வெளிச்சம் குறைந்த இடத்தில் அது கண்ணை அதிக நேரம் திறந்து வைக்கிறது. அந்நேரத்தில் நம் கை நடுங்குகிறது. ஃபிளாஷ் போடலாமே என்றால், தூரம் இரட்டித்தால் ஒளி கால்பங்காகக் குறையும் என்பது இயற்கையின் விதி. ஆகவே கைக்கெட்டிய தூண் வெளுத்துப்போய், எட்டாத விதானம் இருட்டிலேயே நிற்கும். பழைய வர்ணங்களின்மேல் ஃபிளாஷ் அடிப்பது முறையுமன்று. அங்கே படமெடுக்க அனுமதி உண்டா என்று கேட்டறிந்து, அனுமதி கிடைத்தால், காமிராவைத் தரையில் மல்லாக்க வைத்து, டைமரை முடுக்கிவிட்டு, நகர்ந்துகொள்ளுங்கள். கல்தரையைவிட அசையாத தாங்கி எங்கும் கிடையாது. விதானத்தைப் பார்ப்பதற்கும் அதைவிட நேரான கோணம் இல்லை.

முகம் முழுக்கக் கறுத்துவிடுவதும் இத்தகையதே. சுருள் காகிதம் சாம்பல் நிறத்தை அறியாது; நெருக்கமாகவும் இடைவெளிவிட்டும் கறுப்புப் புள்ளிகளைத் தூவி நிழல் இருப்பதாகப் பாவனை செய்கிறது. வாசலில், வெயில் முதுகில்பட நிற்பவரின் முகம் காமிராவுக்கே நிழலாகத் தெரியும்போது, காகிதத்தில் அது கரிப்பூச்சாகவே இறங்கும். அவரைத் திருப்பி, முகத்தில் வெளிச்சம் படும்படி நிறுத்தினாலே போதும்.

பட்டுச்சேலையைப் படமெடுத்து, இதே நிறத்தில் இன்னொன்று வேண்டும் என்று அச்சுப்பிரதியை நீட்டும் பழக்கம் இப்போது பரவி வருகிறது. இதை அறவே விடுவது நல்லது. ஜரிகை ஃபிளாஷை அப்படியே திருப்பியடித்து முந்தானையை வெள்ளைப் பாளமாக்கிவிடும். மயில்கழுத்து போன்ற நிறங்களோ, பாவு ஒன்றும் ஊடை வேறொன்றுமாக நெய்யப்பட்டு, பார்க்கும் கோணத்துக்குக் கோணம் மாறுவன. அவற்றின் உண்மை நிறம் எது என்று எந்தக் காமிராவும் சொல்ல முடியாது. மூன்று சாயத்தை உருக்கி எழுதும் உள்ளங்கையளவுக் காகிதத்தை நம்பி அரக்கு நிறத்துக்குச் சாயம் காய்ச்சச் சொல்வது சாயக்காரருக்கு இழைக்கும் அநீதி. ஒரு சாண் நூலை வெட்டிக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. சுருள் காகிதத்தில் அச்சான படம் வெயிலிலும், எண்ணெய்க் கையிலும், பிளாஸ்டிக் உறையிலும் மங்கிவிடும்; ரசாயனப் பிலிமும் நீண்ட வெயிலைத் தாங்காது. காகிதப் பிரதியைத் துணிபோன்ற மென்தாளில் சுற்றி இருட்டில் வைத்தாலும் அதன் ஆயுளை நீட்டலாமேயன்றி நிரந்தரமாக்க இயலாது. தாத்தா பாட்டியின் முகமோ மண்டபத்துச் சித்திரமோ பிற்காலத்துக்கு வேண்டும் என்று எண்ணுகிறவர்கள், நினைவட்டையிலுள்ள மூலப்படத்தைக் கணினியில் ஏற்றி இரண்டு இடங்களில் பத்திரப்படுத்திக்கொண்டு, நல்லதொரு ஸ்டூடியோவில் புகைப்படத்தாளில் அச்சிட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.